ம பத்தியில் எதுவும் இல்லை

பிப்ரவரி 10

செங்கரடு வந்து சேர்ந்தேன். சேலத்திலிருந்து ஐம்பது நிமிடம். கடைசி நான்கு கிலோமீட்டர் எல்லாமே வெள்ளை. வேப்பமரம் வெள்ளை. டீக்கடைப் பலகை வெள்ளை. பெட்டிக்கடை வாசலில் படுத்திருந்த கறுப்பு நாயும் முதுகு வரை வெள்ளை.

வெள்ளைக்கல் சுரங்கம். இரும்பு உருக்கும் உலைகளின் உட்சுவருக்குப் போகும் கல்.

வங்கி கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். இந்த நிறுவனத்தின் பழைய கடனைப் புதுப்பிக்கலாமா? புதிய சூளை கட்ட மேற்கொண்டு பன்னிரண்டு கோடி தரலாமா? மூன்று வாரத்தில் நான் பதில் எழுத வேண்டும்.

விருந்தினர் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கொடிக்கயிறு. கயிற்றில் எனக்கு முன்னால் தங்கியவரின் துண்டு.

வேலை செய்பவர்கள் 212 பேர். எழுதிவிட்டு அடித்தேன், அது என் கேள்வியில் இல்லை என்று. இப்போது மறுபடி எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 11

நிகர லாபத்தை நம்பக் கூடாது. இவர்களுடைய நிகர லாபத்துக்குள் சாலையோர நிலம் ஒன்றை விற்ற பணம் இருக்கிறது. நிலத்தை ஒருமுறைதான் விற்க முடியும்.

ஆகவே செயல்பாட்டு லாபம். நிலத்தை மற, வட்டியை மற, வரியை மற. கல்லை வெட்டி, சுட்டு, விற்பதில் மட்டும் இவர்கள் சம்பாதிக்கிறார்களா?

ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்து மாதம்: 6.4 கோடி. போன வருடம் இதே பத்து மாதம்: 3.9.

கல்லின் விலை ஜூனில் விழுந்திருக்கிறது. லாபம் ஏறியிருக்கிறது. எப்படி?

எனக்கு இந்த அளவுகோல் பிடிக்கும். ஒரு மனிதரிடம் கைக்கு வந்த அதிர்ஷ்டத்தையும் தலையில் விழுந்த கஷ்டத்தையும் ஒதுக்கிவிட்டு, சாதாரண செவ்வாய்க்கிழமையில் நீங்கள் எப்படி என்று கேட்பது போல.

பிப்ரவரி 13

சுரங்க மேலாளர் குழந்தைவேல். ஐம்பது வயதிருக்கும். சட்டைப்பையில் பேனாவுக்குப் பதிலாக ஒரு சுண்ணாம்புக் கட்டி. கேட்டால் பதில் சொல்கிறார். கேட்காததைச் சொல்வதில்லை.

"குழிக்குள்ள வந்து பாக்கறீங்களா?"

"முதல்ல கணக்கை முடிச்சிடறேன் சார்."

"சரிங்க." ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதியச் சாப்பாடு, கத்தரிக்காய்ப் பொரியல். இரண்டு மணிச் சங்கு ஊதியதும் லாரிகள் கிளம்பின. ஜன்னலை மூடியும் தட்டில் தூசி.

பிப்ரவரி 14

தினசரி நடைப் பதிவேடு கிடைத்தது. ஒரு டிப்பர் லாரி குழிக்குள் போய்த் திரும்பினால் ஒரு நடை. கேட்டில் ஒருவர் டோக்கன் கொடுத்து, லாரி எண், ஓட்டுநர் பெயர், நடை எண்ணிக்கை எல்லாம் கையால் எழுதுகிறார். நல்ல கையெழுத்து. இரண்டு பத்திகள். தலைப்பில் க, ம.

காலை, மதியம்.

க பத்தியில் மாதம் ஆயிரத்து முந்நூறு போல. ம பத்தியில் ஏப்ரல், மே, ஜூனில் ஐயாயிரம். ஜூலையிலிருந்து எதுவுமில்லை. ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

விடை கிடைத்துவிட்டது. மதிய ஷிப்டை நிறுத்தியிருக்கிறார்கள். ஒப்பந்த லாரிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். டீசல் செலவு பாதிக்கும் கீழே. விற்பனை மட்டும் குறையவில்லை. சுத்தமான செலவுக் கட்டுப்பாடு.

சந்தோஷமாக இருக்கிறது. இந்தச் சந்தோஷம் கொஞ்சம் அதிகமோ என்றும் இருக்கிறது.

பிப்ரவரி 15

ஞாயிறு. துணி துவைத்தேன். காய்வதற்குள் வெள்ளை படிந்துவிட்டது. மறுபடி அலசினேன்.

போன வருடம் ஒரு நூல்மில் அறிக்கை. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

பிப்ரவரி 17

பதிவேடு எழுதுபவரைப் பார்த்தேன். அம்சவேணி. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். கேட் அறையில் சிவப்பு டோக்கன் ஒரு டப்பா, கறுப்பு டோக்கன் ஒரு டப்பா. கறுப்பு டப்பாமேல் அவருடைய டிபன் கேரியர் உட்கார்ந்திருந்தது.

"பேங்க்ல இருந்து வந்த மேடமுங்களா? நல்லாருக்கீங்களா? இந்த ஸ்டூல்ல உக்காருங்க. அதுல வேணாம், அது ஒருபக்கம் ஆடும்."

அவர் கணவர் சின்னராசு இங்கே டிப்பர் ஓட்டுகிறார். ஒவ்வொரு முறை கேட்டைக் கடக்கும்போதும் ஒரு ஹாரன். அம்சவேணி நிமிர்ந்து பார்ப்பதில்லை. கை மட்டும் டோக்கனை நீட்டுகிறது.

"வீட்லதான் பேசறது இல்லீங்க. இங்க வந்தா இப்படி ஒரே சத்தம்."

சிரித்துக்கொண்டே எழுதினார். சின்னராசு, க, 4. மணி மூன்றரை.

டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை தூக்கல்.

பிப்ரவரி 19

வரைவு அறிக்கையைச் சென்னைக்கு அனுப்பினேன். செயல்பாட்டு லாபம் 6.4 கோடி. பழைய கடனின் வட்டியும் தவணையும் 2.8. புதுக் கடனும் சேர்ந்தால் 4.7. தாங்கும். பரிந்துரைக்கிறேன்.

ஒரு மணி நேரத்தில் ஃபெலிக்ஸ் சார் போன். எங்கள் பிரிவுத் தலைவர். பாராட்டுவது அவருக்கு வழக்கமில்லை.

"படிச்சேன் நிறைமதி. தெளிவா இருக்கு. மதிய ஷிப்ட் பாயின்ட் நல்லாக் கண்டுபிடிச்சிருக்கீங்க. அந்த மில் விஷயத்துக்கு அப்புறம் உங்களைத் தனியா அனுப்ப வேணாம்னு இங்க எல்லாரும் சொன்னாங்க. நான்தான் அனுப்பினேன்."

"தேங்க் யூ சார்."

"கடன் கமிட்டி இருபத்தாறாம் தேதி. இதையே வெச்சிடலாம்."

பிப்ரவரி 20

செய்தி எப்படியோ இங்கே வந்துவிட்டது. கேன்டீனில் கேசரி. பரிமாறியவர் எனக்கு மட்டும் இரண்டாவது கரண்டி வைத்தார்.

குழந்தைவேல் கேசரி வாங்கவில்லை. சர்க்கரை வியாதியாக இருக்கலாம்.

பிப்ரவரி 21

இதை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் கேட் அறைக்குப் போனேன். விடைபெறுவது மாதிரி. திங்கட்கிழமை கிளம்புவதாக இருந்தேன். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்: "மதிய ஷிப்ட் நின்னதில உங்க வீட்டுக்காரருக்கு வருமானம் குறைஞ்சிருக்குமே?"

"மதிய ஷிப்டா? எப்ப நின்னுச்சு?"

"ஜூலைல. பதிவேட்டுல பாத்தேன். ம பத்தி காலியா இருந்துச்சே."

அம்சவேணி பேனாவை வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அய்யோ மேடம்! க கல்லு, ம மண்ணுங்க! கல்லு நடை, மண்ணு நடை! காலையும் மதியமும்னா நெனச்சீங்க? அப்ப ராத்திரிக்கு 'ரா'ன்னு போட்டிருக்குதான்னு தேடுனீங்களா?"

நானும் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று பாதியில் தெரிந்தது.

"மண்ணுன்னா?"

"கல்லு மேல கெடக்கிற மண்ணுதான். அதை அள்ளிக் கொட்டிட்டுத்தானே கல்லை எடுக்கறது. ஒரு நடை கல்லுக்கு நாலு நடை மண்ணு. ஜூலையில நிறுத்திட்டாங்க." டிபன் கேரியரைத் தூக்கிக் கறுப்பு டப்பாவைக் காட்டினார். "இதெல்லாம் மண்ணு டோக்கன். தொட்டு எட்டு மாசமாச்சு."

"அப்ப கல்லு எங்கேருந்து வருது?"

"முன்னாடியே தொறந்து வெச்சதுல இருந்துதான். எங்கூட்டுக்காரர் கிழக்குக் குழியில இருந்து ஏத்தறாரு. நின்னு பாத்தா மேல மண்ணு மட்டும் தொங்குதுன்னாரு. தூங்கறப்போ அதைத்தான் பேசறாரு."

வெளியே ஹாரன். அவர் கை சிவப்பு டோக்கனை நீட்டியது.

முதல் நாளிலிருந்து இரண்டு மணிச் சங்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் தட்டில் மதிய லாரிகளின் தூசி. மூன்றரை மணிக்கு க, 4 என்று எழுதியதை இதே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். இந்த நோட்டிலும் எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 22

குழந்தைவேலிடம் போனேன். "குழியைப் பாக்கணும் சார்."

இன்னொரு தொப்பியை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிறு என்பதால் கிழக்குக் குழியில் லாரி இல்லை. கீழே வெள்ளை, மேலே செம்மண் சுவர். படிப்படியாக இருக்க வேண்டிய இடம் ஒரே செங்குத்து. ஏழெட்டு ஆள் உயரம். மேலே ஏறிப் பார்த்தால், விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு விரிசல். அதன் குறுக்கே சுண்ணாம்பால் கோடுகள், பக்கத்தில் தேதிகள்.

"கோடு ரெண்டாப் பிரிஞ்சா மண்ணு நகருதுன்னு அர்த்தம்."

"பிரிஞ்சிருக்கா?"

ஒரு கோட்டைக் காட்டினார். பிப்ரவரி 9. நடுவில் ஒரு விரல் நுழையும்.

"நேத்தே இந்தப் பக்கம் லோடு நிறுத்தச் சொல்லிட்டேன். முதலாளிக்கு இன்னும் சொல்லலை."

ஏன் மண் எடுப்பதை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அவர் உட்கார்ந்துவிட்டார். நானும்.

"ஜூன்ல விலை விழுந்துச்சு. முதலாளி ரெண்டு வழி சொன்னாரு. அறுபது பேரை அனுப்பு, இல்லாட்டி மண்ணை நிறுத்து. எந்த அறுபதுன்னு நான்தான் பேர் எழுதணும். எழுத முடியலைங்க. மண்ணை நிறுத்தினேன். மூணு மாசத்துக்குத்தான்னு நெனச்சேன். அதுக்குள்ள லாபம் ஏறுது, ஏறுதுன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் திரும்ப ஆரம்பிக்கச் சொன்னா யார் கேக்கறாங்க?"

"மறைச்சீங்களா சார்?"

"மறைக்கலையே. தெனமும் புஸ்தகத்துல எழுதியிருக்குதே. யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு எட்டு மாசமாப் பாத்துட்டு இருந்தேன்." பிறகு மெதுவாக: "நீங்க வந்தீங்க. கணக்கை முடிச்சிட்டு வரேன்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் கேட்கிறது.

பிப்ரவரி 23, காலை

கிளம்பவில்லை.

எடுக்காத மண்: ஏழு மாதம், மாதம் ஐயாயிரம் நடை. முப்பத்தைந்தாயிரம். நடைக்குத் தொள்ளாயிரம் ரூபாய். 3.15 கோடி.

6.4 - 3.15 = 3.25.

பழைய கடனுக்குப் போதும், ஒட்டி ஒட்டி. சூளைக்கு இல்லை. மூச்சு விடலாம், ஓட முடியாது. போன வருட 3.9க்கும் கீழே. லாபம் ஏறவே இல்லை. இன்றைய செலவை நாளைக்குத் தள்ளியதற்குப் பெயர் லாபம்.

செயல்பாட்டு லாபம் ஒதுக்கச் சொன்னதையெல்லாம் ஒதுக்கினேன். ஒதுக்கக் கூடாத ஒன்று கணக்குக்கு வராமலே நின்றிருந்தது. நடக்காத வேலைக்கு ரசீது கிடையாது.

பிப்ரவரி 23, மதியம்

அனுப்பவில்லை. 212 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி. நூல்மில்.

போன வருடம் ஒரு மில்லின் செயல்பாட்டு லாபத்தைக் கணக்கிட்ட ஒருவர், விருப்ப ஓய்வில் போன தொழிலாளர்களுக்கு மொத்தமாகக் கொடுத்த தொகையை அன்றாடச் செலவில் சேர்த்துவிட்டார். ஒருமுறை மட்டும் நிகழ்ந்த செலவு. அது உள்ளே வந்ததும் லாபம் நஷ்டமாயிற்று. கடன் நிறுத்தப்பட்டது. மில் மூடப்பட்டது. பிழை நான்கு மாதம் கழித்துத் தெரிந்தது. அதற்குள் நூற்பு இயந்திரங்கள் எல்லாம் ஏலத்தில் போயிருந்தன.

அந்த ஒருவர் மில்லுக்கு ஒருநாள்கூடப் போகவில்லை. தொழிற்சங்கச் செயலாளர் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. எண் இன்னும் என் போனில் இருக்கிறது.

என் போனில். எழுதியாயிற்று.

அங்கே ஒருமுறை வந்ததை என்றென்றும் வருவதாக எழுதினேன். இங்கே என்றென்றும் வர வேண்டியதை இல்லையென்று எழுதினேன். இந்த முறை நல்லது சொல்ல வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்திருக்கிறேன். ம பத்திக்கு அர்த்தம் கேட்காததற்கு அதுதான் காரணம். கேட்டால் கெட்ட பதில் வந்துவிடுமோ என்று.

பிப்ரவரி 23, ஐந்து மணி

ஃபெலிக்ஸ் சாரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். க, ம உட்பட.

"ஒரு தடவை தப்பாக் கடன் வேணாம்னீங்க. இப்ப தப்பா வேணும்னீங்க. கமிட்டில என்னனு சொல்றது? எங்க பொண்ணுக்கு க, ம தெரியாதுன்னா?"

"அப்படியே சொல்லுங்க சார்."

"கிண்டலா?"

"இல்ல சார். பழைய கடனைப் புதுப்பிக்கலாம். சூளை வேண்டாம். மண்ணு எடுக்கறதுக்கு மட்டும் மூணு கோடி. அதையும் மொத்தமாத் தராம, மாசாமாசம் மண்ணு நடையை எண்ணி, அதுக்குத் தகுந்த மாதிரி தரலாம். கிழக்குக் குழில மேல ரெண்டு படி வெட்டற வரைக்கும் கீழ கல்லு எடுக்கக் கூடாது."

"மொத்தமா இழுத்து மூடச் சொன்னா?"

"மூட வேண்டிய சுரங்கம் இல்ல சார். 3.25 நஷ்டம் இல்ல. சின்ன லாபம். அதை அப்படியே சின்னதுன்னு எழுதியிருக்கேன்."

"எழுதி அனுப்புங்க" என்றார். வைப்பதற்கு முன்: "குழிக்குள்ள போனீங்களா?"

"போனேன் சார்."

"ம்."

பிப்ரவரி 24

அனுப்பினேன். செயல்பாட்டுச் செலவில் புதிதாக ஒரு வரி: எடுக்காத மண்.

இன்னொரு குறிப்பும் அனுப்பினேன், நூல்மில் கோப்புக்கு. திருத்திய கணக்கு, என் பெயரோடு. யாருக்கும் இனி பயனில்லை. கோப்பிலாவது சரியாக இருக்கட்டும்.

பிப்ரவரி 25

கேன்டீனில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. சூளை இல்லை என்பது தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 27

கமிட்டி முடிவு. பழைய கடன் ஒரு வருடத்துக்குப் புதுப்பிப்பு. சூளைக்கு மறுப்பு. மண்ணுக்கு மூன்று அல்ல, இரண்டு கோடி.

கிழக்குக் குழியை மூடியதால் நாற்பது பேருக்கு, மண் வேலை தொடங்கும் வரை, ஒரு வாரம் வேலை ஒரு வாரம் இல்லை. பட்டியலை இந்த முறை குழந்தைவேல் எழுதினார். ஆறாவது பெயர் சின்னராசு.

கேட் அறைக்குப் போனேன். ஸ்டூலில் கேரியர் இருந்தது. அம்சவேணி அதை எடுக்கவில்லை.

"கணக்கு சரியா வந்துச்சுங்களா மேடம்?"

"வந்துச்சுங்க."

"நல்லதுங்க. கூலி பாதின்னா ரெண்டு புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு மாசம் பாதிதான் போகும்னு அதுலயும் ஒரு பத்தி போட்டுக்கோங்க."

நின்றேன். ஒரு லாரி வந்தது. ஹாரன் இல்லை. வேறு ஓட்டுநர்.

"அவரு அந்தச் சுவருக்குக் கீழ போகாம இருக்கறது எனக்கும் நல்லதுதான்" என்றார், பதிவேட்டைப் பார்த்தபடியே. "ஆனா அதை இப்பச் சொல்ல மனசு வரலைங்க. போயிட்டு வாங்க."

பிப்ரவரி 28

சேலம் ரயில் நிலையம். பையிலிருந்து நோட்டை எடுத்தால் கையெல்லாம் வெள்ளை.

நூல்மில் செயலாளரின் எண்ணை அழைத்தேன். மூன்று முறை மணி அடித்தது. எடுத்தார். யார் என்று சொன்னேன். அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பேசியதை இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 16

சென்னை. மேசையில் ஒரு சிமென்ட் ஆலை. முதல் கேள்வியாக எழுதி வைத்திருக்கிறேன்: பத்தித் தலைப்புகளுக்கு எழுதியவரிடமே அர்த்தம் கேள்.

மார்ச் 23

செங்கரட்டிலிருந்து தகவல் இல்லை.

ஏப்ரல் 2

கடன் நிபந்தனைப்படி மாதக் கடைசிப் பதிவேட்டின் நகல் வர வேண்டும். காலையில் என் போனுக்கே வந்தது. பதிவேட்டின் ஒரு பக்கம், டோக்கன் மேசையில் வைத்து எடுத்த படம். ஓரத்தில் கட்டைவிரல், நகத்தில் வெள்ளை. கறுப்பு டப்பா திறந்திருக்கிறது. மேலே கேரியர் இல்லை.

மார்ச் 31. சின்னராசு, 9. கீழே மற்ற பெயர்கள். அந்த ஒரு நாளில் மண் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு நடை.

எழுதிய இடம் பழைய ம பத்திதான். ஆனால் தலைப்பு ம இல்லை. இரண்டு தலைப்புகளையும் அடித்துவிட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதுவதுபோலப் பெரிய எழுத்தில், இடம் போதாமல் கோட்டைத் தாண்டி, முழுசாக எழுதியிருக்கிறார்: கல். மண்.

படத்துக்குக் கீழே ஒரு வரி.

"இப்பப் படிக்க வருதுங்களா கண்ணு?"